மறுப்பது நாக்கல்ல, ஜாதியும் அந்தஸ்துமே!

"ருசி என்பது அவரவர் நாக்கைப் பொறுத்த விஷயம். இதில் அரசியலுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பாகற்காயைத் தொடாதவர் இருக்கிறார். கத்தரிக்காய் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறார். கருவாடு வறுக்கிற வாசம் வந்தால் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவரும் இருக்கிறார். இவர்களோடு நமக்கு வழக்கு இல்லை. தன் வயிற்றுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டு.

ஆனால் தருமபுரி ஜில்லாவில் நாக்குக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு மறுப்புகள் நடமாடுகின்றன. ஒன்று, களியை மறுப்பது. மற்றொன்று, கையை மறுப்பது. தானியம் ஏழையுடையது என்பதற்காக ஒரு மறுப்பு. ஊற்றிக் கொடுக்கும் கை "தாழ்ந்த" கை என்பதற்காக இன்னொரு மறுப்பு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் பழக்கவழக்கம் போலத் தோன்றும். சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது விளங்கும்.

களிக்கு வந்த இழிவு

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்தத் தாலுகாவை எடுத்துக்கொண்டாலும், மானம் பார்த்த பூமியில் நம் முன்னோரை உயிரோடு வைத்திருந்தது நெல் அல்ல. கேழ்வரகும் சாமையும் கொள்ளும்தான். ஆடியில் பெய்யும் மழையை நம்பி விதைத்து, கார்த்திகை மார்கழியில் கதிர் அறுப்பார்கள். கேழ்வரகைப் பக்குவமாகச் சேர்த்து வைத்தால் வருஷக் கணக்கில் பூச்சி அரிக்காது. ஒரு மழை தப்பினாலும் அடுத்த மழை வரைக்கும் குடும்பத்தைக் காக்கும் தானியம் அது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் பழைய சேலம் ஜில்லா பட்ட பாடு சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. இன்றைய தருமபுரி அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அப்படிப்பட்ட பஞ்சங்களுக்குப் பிறகும் இந்த மண்ணில் ஜனங்கள் தழைத்தார்கள் என்றால், அதில் இந்தச் சின்னஞ்சிறு தானியங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இருந்தும் களிக்கு மரியாதை இல்லை. கல்யாணப் பந்தியில் களி போட மாட்டார்கள். சம்பந்தி வீட்டார் வந்தால் களிப் பானையை மறைத்து வைத்துவிட்டு, கடன் வாங்கியாவது அரிசிச் சோறு வடிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை, பக்கத்துப் பையன் பார்த்துச் சிரிப்பானே என்று பாத்திரத்தை மூடிக்கொண்டு தின்னும். உத்தியோகம் கிடைத்து டவுனில் குடியேறியவர் முதலில் துறப்பது களியைத்தான். "எங்கள் வீட்டில் களி கிண்டுவதில்லை" என்று சொல்வது, "நாங்கள் மேலே வந்துவிட்டோம்" என்பதற்கு மறு பெயர்.

இந்த மறுப்பு எப்படி வந்தது? நாக்கிலிருந்து வரவில்லை. தண்ணீர் பாயும் நன்செய் நிலம் எவனிடம் இருந்ததோ அவன் நெல் விளைத்தான்; அவன் வீட்டில் சோறு வெந்தது. கோயில் நைவேத்தியத்திலும் சோறு; ஜமீன் விருந்திலும் சோறு. புன்செய்க் காட்டில் முதுகொடிய உழைத்தவன் வீட்டில் களியும் கூழும். அவனுக்குச் சோறு கிடைத்தது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். உடைமை உள்ளவனின் உணவு உயர்ந்த உணவாயிற்று; உழைப்பவனின் உணவு தாழ்ந்த உணவாயிற்று. ஆளும் வர்க்கம் நிலத்தை மட்டும் ஆளவில்லை. எது ருசி, எது கௌரவம் என்கிற தீர்ப்பையும் அதுவே எழுதியது. அந்தத் தீர்ப்பை இன்று ஏழையின் மகனே மனப்பாடமாக ஒப்பிக்கிறான். இதுதான் வேதனை!

எல்லைக்கு அப்பால் பாருங்கள். ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்தில் கால் வைத்தால் ராகி முத்தே என்ற பெயரில் இதே களி ஹோட்டலில் விற்கிறது. அங்கே மந்திரியும் தின்கிறார், மூட்டை தூக்குகிறவரும் தின்கிறார். பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போகும் நம் ஜில்லாத் தொழிலாளிகள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். தானியம் ஒன்றே, மண்ணும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் நாக்கில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சர்க்காரின் பங்கு

அந்தஸ்து மோகத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போனால் நாம் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். மீதிப் பாதி சர்க்கார் கொள்கையில் இருக்கிறது.

1960-களில் பசுமைப் புரட்சி என்ற பெயரில் விதையும் உரமும் கடனும் கொள்முதலும் நெல்லையும் கோதுமையையும் சுற்றியே ஏற்பாடாயின. ரேஷனில் அரிசி வந்தது. 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசமாயிற்று. இதை நாம் எதிர்க்கவில்லை, எதிர்க்கவும் மாட்டோம். பசித்த வயிற்றுக்கு அரிசி போட வேண்டும் என்று கொடி பிடித்துப் போராடியவர்கள் நாம். ஏழையின் தட்டில் சோறு விழுந்தது மகத்தான வெற்றி.

ஆனால் சர்க்கார் செய்யத் தவறியது என்ன? நெல்லைக் கொள்முதல் செய்த சர்க்கார், மானாவாரி விவசாயியின் கேழ்வரகையும் சாமையையும் வியாபாரியின் தராசுக்கு விட்டுவிட்டது. கேழ்வரகுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை என்று ஒன்று காகிதத்தில் இருந்தது. வாங்கும் நிலையம் இல்லாத ஊரில் அந்த விலையை யார் கொடுப்பார்கள்? அறுவடை முடிந்ததும் கடன்காரன் வாசலில் நிற்கிறான். வியாபாரி சொன்னதுதான் விலை. விளைவு, கேழ்வரகுக் கொல்லை மரவள்ளிக்கும் தக்காளிக்கும் மாந்தோப்புக்கும் கைமாறியது. அல்லது தரிசாகக் கிடந்து, விவசாயி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினான்.

2022-23 பருவத்தில்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஜில்லாக்களில் கேழ்வரகை நேரடியாகக் கொள்முதல் செய்யும் வேலை ஆரம்பித்தது. அந்த வருஷத்து ஆதார விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். 2025-26-க்கு அறிவிக்கப்பட்டது 4,886 ரூபாய். 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி ஆகிய இரண்டு ஜில்லாக்களில், அட்டைதாரருக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் துவக்கப்பட்டது. நல்ல காரியம், விவசாய இயக்கம் வெகு காலமாகக் கேட்டதுதான். விளைந்த ஜில்லாவிலேயே வாங்கி, விளைந்த ஜில்லாவிலேயே கொடுப்பது அறிவுள்ள ஏற்பாடு. ஆனால் களியைப் பஞ்சை உணவு என்று பழித்தபடியே ரேஷனில் போட்டால், "ஏழைக்கு இது போதும் என்று தள்ளிவிட்டார்கள்" என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். அரிசியைக் குறைத்துத்தான் கேழ்வரகு தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரிசியோடு கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். மறுப்பு எவ்வளவு தூரம் குறைகிறது என்று தெரியும்.

பணக்காரனுக்கு வந்த திடீர் ஞானம்

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். நேற்றுவரை களியைக் கண்டு மூக்கைச் சுளித்த கனவான்களுக்கு இன்று திடீரென்று ஞானோதயம் வந்திருக்கிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருஷம் செப்டம்பரில் டில்லியில் நடந்த ஜி-20 விருந்தில் உலகத் தலைவர்களுக்குச் சிறுதானியப் பதார்த்தங்கள் பரிமாறப்பட்டன. பட்டணத்துக் கடைகளில் கேழ்வரகு பளபளப்பான பாக்கெட்டில் ஏறி, பிஸ்கோத்தாகவும் சத்துமாவாகவும் பல மடங்கு விலைக்கு விற்கிறது. தானியத்துக்கு மரியாதை வந்துவிட்டது. அதை விளைத்தவனுக்கு வந்ததா? விளைத்தவன் வீட்டுப் பெண் இரத்தசோகையோடு களை பறிக்கிறாள். பாக்கெட்டில் அடைத்தவன் லாபம் பறிக்கிறான்.

கேழ்வரகின் சத்து பொய்யல்ல. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். வளரும் பிள்ளைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இது சாதாரண விஷயம் அல்ல. முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். ஆனால் விளம்பரக்காரன் சொல்வது போல இது சர்வரோக நிவாரணியும் அல்ல. கேழ்வரகும் மாவுச்சத்துள்ள தானியமே. நீரிழிவுக்காரர் அளவின்றித் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். களியோடு கீரையும் பருப்பும் கொள்ளுக் குழம்பும் முட்டையும் சேர்ந்தால்தான் அது முழு உணவு. ஏழைக்கு வெறும் களியைக் காட்டி, "இதுவே சத்து, இதற்கு மேல் கேட்காதே" என்று உபதேசம் செய்ய யாருக்கும் யோக்கியதை இல்லை.

இன்னொரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். சாமையையும் கேழ்வரகையும் அடுப்படியிலிருந்து வெளியேற்றியதில் அந்தஸ்து மோகத்துக்கு மட்டும் பங்கு இல்லை. விடியுமுன் எழுந்து உரலில் சாமை குத்தி, திரிகையில் கேழ்வரகு அரைத்து, நொய் கொதிக்கும் பானையில் மாவைக் கொட்டித் துடுப்பால் புரட்டிப் புரட்டிக் களி கிண்டியவள் பெண். பகலெல்லாம் கூலி வேலை. முன்னும் பின்னும் இந்த வேலை. அரிசி வந்தபோது அவள் விட்ட பெருமூச்சைக் கேட்காமல், "பழைய உணவுக்குத் திரும்புங்கள்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் துடுப்பைப் பிடித்துப் பார்க்கட்டும்! பெண்ணின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்குப் பதில் உபதேசம் அல்ல, யந்திரம். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் பென்னாகரம் காட்டோரக் கிராமங்களிலும் சாமை உமி நீக்கும் யந்திரமும் மாவு மில்லும் கூட்டுறவில் வரட்டும். அப்போது பாதி மறுப்பு தானே மறையும்.

கையை மறுக்கும் ஜாதி

இனி இரண்டாவது மறுப்பு. களியை மறுப்பது அறியாமை என்றால், கையை மறுப்பது குற்றம்.

2024 பிப்ரவரியில் இதே தருமபுரி ஜில்லாவில், கம்பைநல்லூர் வட்டாரத்தில், தோட்ட வேலைக்குப் போன தாழ்த்தப்பட்ட பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள் என்ற புகார் எழுந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்குப் பதிவாகி, இரண்டு பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. "இந்தக் காலத்திலுமா?" என்று பட்டணத்துப் பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. நாம் ஆச்சரியப்படவில்லை. ஆத்திரப்பட்டோம். ஏனென்றால் இரட்டை டம்ளர் என்பது எங்கோ ஒரு மூலையில் தப்பிப் பிழைத்த பழைய வழக்கம் அல்ல. நிலம் யாரிடம், கூலி யாரிடம் என்ற உறவு மாறாத இடத்திலெல்லாம் அது புதுப் புது வேஷம் போட்டு வரும். டம்ளர் ஒழிந்தால் கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சி ஒழிந்தால் காகிதக் கப்.

தேநீரின் கதையே விசித்திரமானது. நம் பாட்டனார் காலத்தில் தேநீர் என்றால் யாருக்கும் தெரியாது. தேயிலைக் கம்பெனிகளின் சரக்கு தேங்கிப் போன காலத்தில், வீதியில் வண்டி நிறுத்தி இலவசமாக ஊற்றிக் கொடுத்து ஜனங்களுக்குப் பழக்கினார்கள். அந்நியப் பானம், உடம்புக்குக் கேடு என்று அன்று மறுத்தவர்கள் அநேகம். அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் யார்? பஞ்சம் துரத்தத் தமிழ்க் கிராமங்களிலிருந்து மலையேறிய ஏழைகள். அவர்களில் மிகப் பெரும் பகுதி தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்கள் கை படாத தேயிலை ஒன்று கூட கிடையாது. ஆக, இலையைக் கிள்ளும்போது ஒட்டாத தீட்டு, டம்ளரில் மட்டும் ஒட்டிக்கொள்கிறதாம்!

நெல் நடுகிறவள் யார்? களை எடுப்பவள் யார்? மாட்டுக்குத் தழை அறுப்பவள் யார்? கூட்டுறவுச் சங்கத்தில் பத்து வீட்டுப் பால் ஒரே கேனில் விழுகிறதே, ஆவின் பாக்கெட்டைக் கிழிக்கும்போது எந்த வீட்டுப் பால் என்று யாராவது கேட்கிறார்களா? உழைப்பை வாங்கும்போது தீட்டு இல்லை. உழைத்தவளை மனுஷியாக உட்கார வைத்து ஒரு டம்ளர் தேநீர் கொடுக்கும்போது மட்டும் தீட்டு. இதிலிருந்து தெரிவது என்ன? தீட்டு என்பது சுத்தத்தைப் பற்றியது அல்ல. "நீ எனக்குச் சமம் இல்லை, கூலியை உயர்த்திக் கேட்காதே, தலையை நிமிர்த்தாதே" என்று தினமும் நினைவூட்டும் ஏற்பாடு அது.

தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்த மண்ணை ஆண்ட அதியமான், நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அவன் இறந்தபோது ஔவை புலம்பியது எதற்காக என்று பலருக்குத் தெரியாது. கள் கிடைத்தாலும், சோறும் ஊனும் கிடைத்தாலும் தன்னைச் சேர்ந்தவர்களோடு பகிர்ந்து உண்டவன் போய்விட்டானே என்றுதான் புலம்பினாள். பாடிப் பிழைக்கும் பாணர் கூட்டத்தோடு ஒரு பந்தியில் உண்ட அரசனின் ஊரில், ஈராயிரம் வருஷத்துக்குப் பிறகு கொட்டாங்குச்சியா? தமிழ்ப் பண்பாடு, தமிழ்ப் பெருமை என்று மேடையில் கர்ஜிக்கும் பெரியவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பிள்ளைகளின் தட்டிலும் விஷம்

பெரியவர்களின் விஷம் பிள்ளைகளின் தட்டிலும் இறங்கியிருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூர் ஜில்லா திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்தவர் தாழ்த்தப்பட்ட பெண் என்பதற்காக ஆதிக்க ஜாதியினர் எதிர்ப்புக் கிளப்பினார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? எதிர்த்தவர்களை விட்டுவிட்டு அந்தப் பெண்ணை மாற்றினார்கள்! ஜனநாயக இயக்கங்கள் போராடிய பிறகே மாறுதல் ரத்தாயிற்று, வழக்கும் பதிவாயிற்று. 2023-ல் காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தபோது, கரூர் ஜில்லா வேலன்செட்டியூரில் இதே மறுப்பு தலைகாட்டியது. கலெக்டரே நேரில் போய் அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட்டுப் பெற்றோரை எச்சரிக்க வேண்டியிருந்தது.

சத்துணவுச் சமையல் வேலையில் தாழ்த்தப்பட்ட, மலைவாழ் மக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டிருக்கிறது. காரணம் எளிது. ஒரே கையால் பரிமாறிய சோற்றை ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்று வளரும் பிள்ளை, பெரியவனானதும் கொட்டாங்குச்சியைத் தேடாது. ஆகவேதான் ஜாதி வெறியர்கள் இந்தத் தட்டைக் கண்டு இவ்வளவு பயப்படுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பசி தெரியும், ஜாதி தெரியாது. ஜாதியைக் கற்றுக்கொடுப்பது வீடு. "அவள் சமைத்ததைத் தின்னாதே" என்று சொல்லி அனுப்பும் தாய் தன் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்பதை உணர வேண்டும்.

மறுக்கும் உரிமையும் தடுக்கும் அதிகாரமும்

"அப்படியானால் எல்லாரும் எல்லாவற்றையும் தின்ன வேண்டும் என்கிறீர்களா?" என்று குதர்க்கம் பேசுவார்கள். இல்லை. மாட்டுக்கறி வேண்டாம் என்பவர் தின்ன வேண்டாம். பன்றிக்கறி வேண்டாம் என்பவரும் தின்ன வேண்டாம். கறியே வேண்டாம் என்பவருக்கும் நமது வணக்கம். ஆனால் நான் தின்னாததை நீயும் தின்னக் கூடாது என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. 2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்துத் தாத்ரியில், வீட்டில் மாட்டுக்கறி வைத்திருந்ததாக வதந்தி கிளப்பி ஒரு முஸ்லிம் பெரியவரை அடித்தே கொன்றார்கள். நம் மாநிலத்திலும் 2022 மே மாதம் ஆம்பூரில் சர்க்கார் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்ற பிரச்னை கிளம்பி, கடைசியில் திருவிழாவே தள்ளிவைக்கப்பட்டது. தோல் பதனிடும் தொழிலாளிகளின் ஊரில், அவர்களுடைய உணவுக்கே வரிசையில் இடமில்லை என்றால் அது யாருடைய திருவிழா?

தின்னாதே என்று தடுப்பதும், தின்னு என்று திணிப்பதும் ஒரே எஜமான் புத்தியின் இரண்டு கைகள். கீழத்தஞ்சையில் பண்ணையாளைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்து, சாணிப்பால் கரைத்துக் குடிக்க வைத்த மிராசுதார்களை நாடு மறக்கவில்லை. 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் தலைமையில் செங்கொடியின் கீழ் திரண்ட பண்ணையாட்கள்தான் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினார்கள். ஜார் காலத்து ருஷ்யாவில், 1840-களில், உருளைக்கிழங்கு பயிரிட்டே தீர வேண்டும் என்று குடியானவர்களுக்கு உத்தரவு போட்டபோது அவர்கள் கலகம் செய்தார்கள். படையை ஏவி அடக்கினார்கள். அதே குடியானவரின் பேரப் பிள்ளைகள் பின்னாளில் உருளைக்கிழங்கையே அன்றாட உணவாக ஏற்றுக்கொண்டார்கள். அன்று அவர்கள் கிழங்கை மறுத்ததில் அதிகாரத்தை மறுத்ததும் அடங்கியிருந்தது. நாக்கு எதையும் பழகிக்கொள்ளும். அவமானத்தை மட்டும் பழகாது. 1960-களில் அமெரிக்கக் கோதுமை ரேஷனில் வந்தபோது முகம் சுளித்த தமிழ் நாட்டில் இன்று சப்பாத்தி இல்லாத ஹோட்டல் உண்டா?

மறுக்கும் உரிமை கூடக் காசுள்ளவனுக்குத்தான் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தருமபுரி ஜில்லாவில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பில் வலி, வளைவு என்று அது மனிதனைத் தின்னும். அந்தத் தண்ணீரை மறுப்பதுதான் அறிவு. ஆனால் வசதியுள்ளவர் கேன் தண்ணீர் வாங்கி மறுத்துவிடுவார். கூலிக்காரர் என்ன செய்வார்? நீண்ட போராட்டத்துக்குப் பிறகே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 மே மாதம் துவக்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் குழாயில் வராத நாட்களில் ஏழை மறுபடியும் ஆழ்குழாய்க் கிணற்றுக்குத்தான் போகிறார். மறுக்க வேண்டியதை மறுக்க வழி இல்லை. மறுக்கக் கூடாத மனிதக் கையை மறுக்க மட்டும் எத்தனை ஏற்பாடு!

யாருக்கு லாபம்?

சில நண்பர்கள் சொல்கிறார்கள்: "கூலிப் பிரச்னை, விலைப் பிரச்னை இருக்கும்போது டம்ளர் பிரச்னை எதற்கு? விவசாயிகளின் ஒற்றுமை குலையுமே." நாம் கேட்கிறோம்: ஒரே டம்ளரில் தேநீர் குடிக்க முடியாதவர்கள் எப்படி ஒரே கொடியின் கீழ் நிற்பார்கள்? ஐந்து ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் சிறு விவசாயியும், அவர் கொல்லையில் களை பறிக்கும் தாழ்த்தப்பட்ட பெண்ணும் ஒரே வட்டிக்காரனிடம் நகையை அடகு வைக்கிறார்கள். ஒரே வியாபாரி இருவர் வயிற்றிலும் அடிக்கிறான். தக்காளி விலை விழுந்து சாலையோரம் கொட்டப்படும்போது இருவரும்தான் நஷ்டப்படுகிறார்கள். ஜாதி உயர்வு அந்தச் சிறு விவசாயிக்கு ஒரு படி கேழ்வரகு கூட அதிகம் தரவில்லை. அது தருவதெல்லாம், தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற பொய் ஆறுதலை மட்டுமே. அந்த ஆறுதலை விலையாகக் கொடுத்துத்தான் சுரண்டல்காரன் அவருடைய ஒற்றுமையை வாங்குகிறான். கொட்டாங்குச்சியை உடைக்காமல் கொள்முதல் விலையை வெல்ல முடியாது!

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் தானாக நடந்து கிராமத்துக்குள் வராது. இதே அரூர் வட்டாரத்தில், வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக் கூட்டம் மலைவாழ் மக்கள் மீது நடத்திய வெறியாட்டத்துக்கு 2011-ல்தான் தண்டனை கிடைத்தது. 2023-ல்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம்! அந்த மக்கள் விடாமல் நின்றார்கள், இயக்கம் அவர்களோடு நின்றது. அதனால் நீதி அசைந்தது. டம்ளர் விஷயத்திலும் வேறு வழி கிடையாது.

ஆகவே நாம் சொல்கிறோம். கேழ்வரகும் சாமையும் விளையும் ஒவ்வொரு வட்டாரத்திலும் கொள்முதல் நிலையம் அறுவடைக்கு முன்பே திறக்கப்பட வேண்டும். ஆதார விலை உடனுக்குடன் விவசாயி கையில் சேர வேண்டும். ரேஷனில் அரிசியைக் குறைக்காமல் கேழ்வரகு தர வேண்டும். சத்துணவிலும் அங்கன்வாடியிலும் உள்ளூர்ச் சிறுதானியம் முட்டையோடும் பருப்போடும் சேர வேண்டும். உமி நீக்கும் யந்திரங்கள் பெண்களின் கூட்டுறவுக்குத் தரப்பட வேண்டும். தேநீர்க் கடைகளிலும் தோட்டங்களிலும் தனி டம்ளர், தனிப் பாத்திரம் இருக்கிறதா என்று தாசில்தாரும் போலீசும் புகாருக்குக் காத்திராமல் சோதிக்க வேண்டும். சமையல்காரப் பெண்ணை மாற்றும் அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

சர்க்காரிடம் கேட்பதோடு நம் வேலை முடியாது. விவசாய சங்கக் கூட்டமா? அங்கே களியும் கீரைக் குழம்பும் கிண்டுங்கள். எல்லாத் தெருவினரும் கிண்டுங்கள். எல்லாத் தெருவினரும் ஒரே பந்தியில் உட்காருங்கள். வாலிபர்கள் தத்தம் ஊர்த் தேநீர்க் கடையில் தாழ்த்தப்பட்ட தோழரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே வகை டம்ளரில் வாங்கிக் குடியுங்கள். கடைக்காரர் மறுத்தால் அங்கேயே கேள்வி கேளுங்கள். ஒதுங்கி நிற்பவரை வீட்டுக்குள் அழைத்துத் தண்ணீர் கொடுங்கள். அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். முதல் மிடறுதான் கஷ்டம். அது தொண்டையில் இறங்கிவிட்டால், தலைமுறை தலைமுறையாகத் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்த பொய்யும் அதோடு இறங்கிவிடும்.